கல்லில் பால் வந்தால்

எங்கள் வீட்டுக் குழாயில் தண்ணீர் வராத நாட்களில் என் மாமனார் கவிதை எழுதுவார். காட்மாண்டுவில் தண்ணீர் வராத நாட்கள்தான் அதிகம் என்பதால் நிறையவே எழுதியிருக்கிறார். எழுதியதை அழகாகப் படியெடுத்து, கீழே 'தீர்த்தமான் மானந்தர், ஓய்வுபெற்ற மின்வாரிய அலுவலர், கவி' என்று கையெழுத்துப் போட்டு, குடிநீர் அலுவலகத்துக்கு அனுப்பிவைப்பார். அங்கிருந்து பதில் வந்ததே இல்லை.

"ரசனை கெட்ட பயலுக" என்பார். "கவிராஜா காலத்துல இப்படி ஒரு பாட்டு போயிருந்தா அன்னிக்கே குளம் வெட்டியிருப்பாரு."

ஊரை ஆண்ட ராஜாக்களில் கவிராஜா ஒருவரைத்தான் ராஜா என்று மாமா ஒத்துக்கொள்வார். மற்றவர்களெல்லாம் சும்மா கிரீடம் வைத்துக்கொண்டவர்கள். முந்நூறு வருஷத்துக்கு முன்னால் காட்மாண்டு அரண்மனையில் உட்கார்ந்து பாட்டு எழுதி, எழுதியதைக் கல்லில் வெட்டி, கல்லைக் கண்ட இடத்திலெல்லாம் நட்டுவைத்த மனுஷன் அவர். அரண்மனையின் வெளிச்சுவரில் அவர் வெட்டிவைத்த நீளமான கல் ஒன்று இருக்கிறது. ஏதேதோ தேசத்து எழுத்துக்களைக் கலந்து தேவியைப் பாடியிருக்கிறார். கல்லின் நடுவில் ஒரு கல்குழாய் துருத்திக்கொண்டு நிற்கும். அந்தப் பாட்டை முழுக்கப் படித்துவிட்டால் குழாயில் பால் வரும் என்று ஊரே சொல்லும். தண்ணீரே வராத குழாய்கள் நிறைந்த ஊரில், பால் வரும் என்று எல்லோரும் நம்பிக்கொண்டிருக்கும் ஒரே குழாய் அதுதான்.

மாமா சனிக்கிழமை தோறும் பூதக்கண்ணாடியோடு அங்கே போய்விடுவார்.

நான் இந்த வீட்டு மருமகள், பிரபினா. பிறந்தது ஆற்றுக்கு அந்தப் பக்கம், லலித்பூரில். எங்கள் பள்ளத்தாக்கில் ஒரு காலத்தில் மூன்று ஊர், மூன்று அரண்மனை, மூன்று ராஜாக்கள். காட்மாண்டு ராஜா ஒரு கோயில் கட்டினால் லலித்பூர் ராஜாவுக்கு வயிறு எரியும். லலித்பூர் ராஜா ஒரு தூண் நட்டால் பக்தபூர் ராஜா தூக்கம் கெட்டு இன்னும் உயரமாக ஒன்று நடுவார். ராஜாக்கள் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். வயிற்றெரிச்சலை மட்டும் எங்களிடம் விட்டுவிட்டுப் போனார்கள். கல்யாணமான புதிதில் நான் வைத்த கறியை மாமா ருசித்துப் பார்த்துவிட்டு, "லலித்பூர்க்காரி சமைச்சதுன்னு சொல்லவே முடியாது, நல்லாயிருக்கு" என்று பாராட்டினார்.

என் கணவர் மலையேற வருகிறவர்களுக்கு வழிகாட்டி. சீசன் தொடங்கினால் வீடு என்பது நானும், மாமாவும், நாத்தனார் லுனிவாவும்தான். லுனிவாவுக்குப் பக்தபூரில் ஒரு ஆஸ்பத்திரியின் மருந்துக் கடையில் வேலை. காலையில் பஸ் பிடித்துப் போவாள். சாயங்காலம் மண்சட்டியில் தயிரோடு வருவாள். பக்தபூர்த் தயிரைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. ராஜா தயிர் என்றுதான் அதற்குப் பெயரே. சட்டியைக் கவிழ்த்தாலும் அசையாது.

முதலில் வாரத்துக்கு ஒரு சட்டி வந்தது. பிறகு ஒருநாள் விட்டு ஒருநாள். மழைக்காலம் தொடங்கியபோது தினம் ஒரு சட்டி. மொட்டைமாடியில் காலிச் சட்டிகள் அடுக்கடுக்காக நின்றன. எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. மாமாவுக்குப் புரியவில்லை. அவர் விரலை நக்கிக்கொண்டே சொல்வார்: "இந்தத் தயிரை உறைய வெச்ச கைக்கு ஒரு முத்தம் குடுக்கலாம்!"

ஒரு சனிக்கிழமை லுனிவா அந்தக் கையை வீட்டுக்கே அழைத்துக்கொண்டு வந்துவிட்டாள்.

நல்ல உயரம், சுருட்டை முடி, காதுவரை சிரிப்பு. ஓட்டல் நிர்வாகம் படித்துவிட்டு, அம்மாவோடு சேர்ந்து தயிர்க்கடை நடத்துகிறவன். பெயர் பிகேஷ் சுவால். மாமாவின் முன்னால் ஒரு பெரிய சட்டியை வைத்துவிட்டுக் கைகூப்பினான்.

"யாரும்மா இது?" என்றார் மாமா.

"நீங்க முத்தம் குடுக்கணும்னு சொல்லிட்டே இருப்பீங்களே அப்பா, அந்தக் கை இதுதான்."

மாமா சட்டியைப் பார்த்தார், கையைப் பார்த்தார், மகளின் முகத்தைப் பார்த்தார். அவள் முகம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டது.

"எந்த ஊரு?"

"பக்தபூர், மாமா."

"யாருடா உனக்கு மாமா?"

"சரி சார். இப்போதைக்கு சார்."

நான் தேநீர்க் கோப்பையை வைக்கிற சாக்கில் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். மாமா நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"தம்பி, உங்க ஊர்ல தயிர் நல்லாயிருக்கும், ஒத்துக்கறேன். ஆனா இது கவிராஜா உக்காந்த ஊரு. இங்க பொறந்த பொண்ணு நாலு வரி கேட்டு வளர்ந்தவ. அங்க வந்து சட்டி கழுவிக்கிட்டு இருப்பாளா?"

"சட்டி நான் கழுவிடறேன் சார். அப்புறம் எங்க ராஜாவும் பாட்டு எழுதினவருதான். என்ன ஒண்ணு, உங்க ராஜா மாதிரி கல்லுல வெட்டி, வழியில நிறுத்தி, போறவன் வர்றவனையெல்லாம் படிக்க வைக்கல."

"அவரு கவிகளுக்கெல்லாம் ராஜாடா!"

"அந்தப் பட்டம் அவரே அவருக்குக் குடுத்துக்கிட்டதாமே? ராஜா சொன்னா யாரு இல்லேங்கப் போறாங்க?"

லுனிவா அவன் காலை மிதித்தாள். மிதித்தது சத்தமாகவே கேட்டது.

மாமா எழுந்து நின்றுவிட்டார். தொப்பியைச் சரிசெய்துகொண்டார். அவர் தொப்பியைச் சரிசெய்தால் வருவது தீர்ப்பு.

"கேட்டுக்க. என்னிக்குக் கவிராஜா கல்லுல பால் வருதோ, அன்னிக்கு என் பொண்ணை உனக்குத் தரேன். அதுவரைக்கும் தயிரைக் கடையிலயே வெச்சுக்க."

எங்கள் வீட்டில் 'கல்லில் பால் வரட்டும், பார்க்கலாம்' என்றால் நடக்காது என்று அர்த்தம். நான் தங்க வளையல் கேட்டபோது என் கணவர் சொன்னதும் இதைத்தான்.

பிகேஷ் போனபிறகு மாமா அந்தச் சட்டியைத் தொடவில்லை. மறுநாள் காலை பார்த்தபோது சட்டி காலியாக இருந்தது. யாரும் எதுவும் கேட்டுக்கொள்ளவில்லை.

அந்த வாரமே மாமா ஒரு சம்பந்தம் கொண்டுவந்தார். பையனுக்கு மெல்போர்னில் வேலை. இந்திர ஜாத்திரைத் திருவிழா முடிந்த மறுநாள் பையன் வீட்டார் பதில் கேட்டு வருவார்கள், நல்ல பதில்தான் சொல்லப்போகிறேன் என்றார்.

"மெல்போர்ன் தூரமில்லையா அப்பா?" என்றாள் லுனிவா.

"விமானம் இருக்கு."

"பக்தபூருக்கு பஸ் இருக்கே!"

"அந்த பஸ்ல மனுஷன் போவானா?"

"நான் தினம் போறேன்!"

"அதான் சொல்றேன், உன்னைப் பாரு, எப்படி இளைச்சுட்டே" என்றார் மாமா. தினம் ஒரு சட்டி தயிரில் லுனிவாவின் கன்னங்கள் பூரித்துப் போயிருந்தன.

மாடிச் சமையலறையில் அவரைக்காய் ஆய்ந்துகொண்டே நான் கேட்டேன். "பேசாம ரெண்டு பேரும் ரிஜிஸ்டர் ஆபீஸ் போயிட்டா என்ன? உங்கண்ணன்கிட்ட நான் சொல்லிக்கறேன்."

"ஓடிப்போனா அப்பா கவிதை எழுதுவாரு அண்ணி."

"எழுதட்டுமே."

"அதை எனக்கு அனுப்புவாரு. கீழே கையெழுத்தோட." அவள் சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. "அம்மா போனப்புறம் எனக்குத் தலை பின்னிவிட்டது அவரு. கோணல் மாணலா பின்னுவாரு, பள்ளிக்கூடத்துல எல்லாரும் சிரிப்பாங்க. அவரு சிரிச்ச முகத்தோட என்னை அனுப்பணும் அண்ணி. இல்லேன்னா போகமாட்டேன். மெல்போர்னுக்கும் போகமாட்டேன், பக்தபூருக்கும் போகமாட்டேன். இங்கேயே உங்க தலைல உக்காந்துக்கறேன்."

"ஐயோ, வேண்டாம்மா" என்றேன்.

"அப்போ உதவி பண்ணுங்க. கல்லுல பால் வர வைக்கணும்."

அவரைக்காய் என் கையிலிருந்து விழுந்தது.

அவள் எல்லாவற்றையும் யோசித்து வைத்திருந்தாள். ஆஸ்பத்திரியில் நோயாளிக்குக் குளுக்கோஸ் ஏற்றுகிற பையும் மெல்லிய குழாயும் புதிதாக ஒரு செட். பைக்குள் பிகேஷ் கொண்டுவரும் பால். பை என் சால்வைக்குள். குழாய் என் கைவழியே வந்து பூச்சரத்துக்குள் ஒளிந்திருக்கும். லுனிவா கல்குழாயின் மேல் பூ வைத்துக் கும்பிடுவாள். நான் பையை மெதுவாக அமுக்க வேண்டும். மாமா பூதக்கண்ணாடியோடு படித்துக்கொண்டிருப்பார். பால் சொட்டும். அவ்வளவுதான்.

"மாமாவை ஏமாத்தறதா?"

"யாரு ஏமாத்தறா? ராஜாவுக்கு ஒத்தாசை பண்றோம். வாக்குக் குடுத்துட்டு முந்நூறு வருஷமா நிறைவேத்த முடியாம நிக்கறாரு, பாவம்."

"செப்டம்பர் வெயில்ல நான் எதுக்குச் சால்வை போத்தறேன்னு மாமா கேட்டா?"

"லலித்பூர்ல இப்படித்தான்னு சொல்லுங்க. நம்பிடுவாரு."

நம்பிவிடுவார் என்பதுதான் எனக்கு வருத்தம்.

ஜாத்திரை நாள் வந்தது. ஊரே மேளமும் புகையும். அரண்மனை முற்றத்தில் நட்ட பெரிய மரக்கம்பம் வானத்தைத் தொட்டுக்கொண்டு நின்றது. அந்தக் கம்பத்தைக் கயிறு கட்டி நிமிர்த்துவது எங்கள் மானந்தர் குலத்தின் உரிமை என்பதால் மாமா அன்றைக்கு மட்டும் ஒரு அங்குலம் கூடுதலாக நிற்பார். மரச்சட்டத்துக்குப் பின்னாலிருந்து வெள்ளை பைரவரின் பெரிய முகத்தைத் திறந்துவிட்டிருந்தார்கள். சாயங்காலம் அந்த வாயிலிருந்து அரிசியில் வடித்த கள் கொட்டும். அதைக் குடிக்க இடம்பிடித்து இளவட்டங்கள் காலையிலிருந்தே ஒருவர் தோளில் ஒருவர் ஏறி ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மாமாவைக் கல்லின் முன்னால் விட்டுவிட்டு, பொரி வாங்கி வருகிறோம் என்று நாங்கள் இருவரும் நழுவினோம். வண்டிகளை அன்றைக்கு ஊருக்குள் விடமாட்டார்கள் என்பதால், பிகேஷ் தோளில் காவடி வைத்து ஒரு பக்கம் பால் கேனும் மறுபக்கம் தயிர்ச் சட்டிகளுமாக நடந்தே வந்திருந்தான். கூட்டத்தில் நாலு பேர் தயிர் விலை கேட்டார்கள். விற்பனைக்கு இல்லை என்று சொல்ல அவனுக்கு மனசு வரவில்லை, இரண்டு சட்டி விற்றும்விட்டான்.

"வியாபாரம் பண்ண வந்தியா, கல்யாணம் பண்ண வந்தியா?" என்றாள் லுனிவா.

"ரெண்டும்தான். கல்யாணத்துக்குச் செலவு இருக்கே."

சந்துக்குள் புகுந்து கேனின் மூடியைத் திறந்தான். திறந்தவன் அப்படியே குனிந்து நின்றான். மூடியைத் திரும்பப் போட்டான். மறுபடி திறந்தான்.

"என்னாச்சு?" என்றேன்.

கேனை அப்படியே கவிழ்த்துக் காட்டினான். ஒரு சொட்டு விழவில்லை.

பால் உறைந்திருந்தது. சும்மா உறையவில்லை. மேலே பொன்னிற ஏடு கட்டி, ராஜா தயிராக, தலைகீழாகத் தொங்கியது.

பிகேஷ் அம்மாவுக்குப் போன் போட்டான். மேளச் சத்தத்தில் கேட்பதற்காக ஸ்பீக்கரில் வைத்தான்.

"அம்மா, நேத்து ராத்திரி கேன்ல பால் வெச்சிருந்தேனே, அதுக்கு என்ன பண்ணினே?"

"என்ன பண்ணினேன்? நீ காய்ச்சி வெச்சுட்டு அப்படியே போயிட்டே. பாலு வெதுவெதுன்னு சும்மா கெடக்குது. பாக்கவே பாவமா இருந்துது. ஒரு கரண்டி உறை விட்டு, உன் கம்பளிச் சட்டையால போத்தி வெச்சேன். ஏன், சரியா உறையலியா?"

"உறைஞ்சுடுச்சும்மா" என்றான் அவன், அழுகிற குரலில். "ரொம்ப நல்லா உறைஞ்சிருக்கு."

"பின்னே! யாரு கை?" என்றாள் அந்த அம்மாள். போனை வைத்துவிட்டாள்.

பக்தபூரில் வெதுவெதுப்பான பாலைப் பார்த்துச் சும்மா போக ஒருவராலும் முடியாது. அதை நாங்கள் யோசித்திருக்க வேண்டும். வேறு பால் வாங்கலாம் என்றால், ஜாத்திரை நாளில் கடையெல்லாம் கள்ளும் வறுத்த எருமைக் கறியும்தான். அதற்குள் தூரத்தில் சிறுமி தெய்வமான குமாரியின் தேருக்கு மேளம் கொட்ட ஆரம்பித்துவிட்டார்கள். தேர் வந்துவிட்டால் மாமா கல்லை விட்டு நகர்ந்துவிடுவார். நாளை மெல்போர்ன்காரர்கள் வந்துவிடுவார்கள்.

"கரைச்சு ஊத்தலாம்" என்றான் பிகேஷ்.

"அது மோருடா!"

"மோரும் வெள்ளைதானே!"

யாருக்கும் வேறு யோசனை இல்லை. மூன்று பேரும் சந்துக்குள் உட்கார்ந்து அந்த அருமையான தயிரை விரலால் கலக்கி, பூ விற்கிறவளிடம் கெஞ்சி வாங்கிய கொஞ்சம் தண்ணீரை விட்டு, பைக்குள் ஊற்றினோம். எங்களுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. பயத்தில் வருகிற சிரிப்பு. லுனிவா சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்தபோது தயிர் புருவத்தில் ஒட்டிக்கொண்டது. பிகேஷ் அதைத் துடைக்கப் போய் மூக்கிலும் ஒட்டிவிட்டான்.

"போதும், போதும், பையைக் குடுங்க" என்று நான்தான் இருவரையும் பிரித்தேன்.

நாங்கள் வந்தபோது மாமா குழாய்க்குக் கீழே குனிந்து, பூதக்கண்ணாடியைக் கல்லோடு ஒட்டிவைத்திருந்தார். எங்களைப் பார்க்காமலே பேசினார்.

"இங்க பாரு பிரபினா. இது கடலுக்கு அந்தப் பக்கத்து எழுத்து. இலையுதிர் காலம்னு இருக்கு. அப்புறம் குளிர்காலம். அவ்வளவுதான். தேவியைப் பாடிக்கிட்டே வந்தவரு, நடுவுல எதுக்கு ரெண்டு பருவத்தோட பேரை எழுதினாரு? எனக்கு இதுதான் பிடிபடவே மாட்டேங்குது."

"அவருக்கு அந்த பாஷைல அவ்வளவுதான் தெரிஞ்சிருக்கும் சார்" என்றது ஒரு குரல்.

மாமா திரும்பினார். காவடியோடு பிகேஷ்.

"நீயா? இங்க எதுக்கு வந்தே?"

"தேர் பாக்க வந்தேன் சார். யாரோ தூர தேசத்துக்காரன் ஒருத்தன் அரண்மனைக்கு வந்திருப்பான். அவன்கிட்ட ரெண்டு வார்த்தை கத்துக்கிட்டிருப்பாரு. புதுசா கத்துக்கிட்ட வார்த்தையை வாய்ல வெச்சுக்கிட்டு ஒருத்தன் சும்மா இருக்க முடியுமா? நான் லுனிவாவோட பேரைத் தெரிஞ்சுக்கிட்ட அன்னிக்கு எங்க கடைச் சட்டியில எல்லாம் அதைத்தான் எழுதி வெச்சேன். எங்கம்மா, இது என்ன புதுத் தயிரான்னு கேட்டாங்க."

மாமா கல்லைத் திரும்பிப் பார்த்தார். பூதக்கண்ணாடி இல்லாமலே பார்த்தார். அவர் முகத்தில் ஒரு மாதிரி வெளிச்சம் வந்ததை நான் கவனித்தேன். அந்த நேரம் பார்த்து லுனிவா என் விலாவில் இடித்தாள்.

அவள் பூச்சரத்தைக் கல்குழாயின் மேல் வைத்துக் கும்பிட்டாள். நான் சால்வைக்குள் பையை அமுக்கினேன். ஒன்றும் வரவில்லை. இன்னும் கொஞ்சம் அமுக்கினேன். கரையாத தயிர்க்கட்டி ஒன்று மெல்லிய குழாயில் அடைத்துக்கொண்டது போலிருக்கிறது. வியர்த்துக் கொட்டியது.

"அண்ணி!" என்று பல்லுக்கிடையில் சொன்னாள் லுனிவா.

"வரமாட்டேங்குது!"

"என்ன வரமாட்டேங்குது?" என்று மாமா நிமிர்ந்தார். அதே நொடியில் நான் இரண்டு கையாலும் ஓங்கி அமுக்கிவிட்டேன்.

பட்டென்று ஒரு சத்தம். பூச்சரம் துள்ளியது. கல்குழாயின் வாயிலிருந்து வந்ததா, ஆஸ்பத்திரிக் குழாயிலிருந்து வந்ததா, சாட்சாத் தேவிக்கே தெரியும். ஒரு பெரிய தயிர்க்கட்டி பறந்துபோய் மாமாவின் நெற்றிப்பொட்டில் அப்பிக்கொண்டது.

"வந்துடுச்சு!" என்று பூ விற்கிறவள் கத்தினாள். "ராஜா கல்லுல வந்துடுச்சு!"

கூட்டம் மொய்த்துக்கொண்டது. யாரோ கல்லைக் கும்பிட்டார்கள். யாரோ போனில் படம் எடுத்தார்கள். "என்ன வந்தது? என்ன வந்தது?" என்று பின்னாலிருந்தவர்கள் தள்ளினார்கள். மாமா விரலால் நெற்றியைத் தொட்டார். விரலைப் பார்த்தார். நாக்கில் வைத்தார். கண்ணை மூடினார்.

இந்த வீட்டில் அந்தத் தயிரின் ருசி தெரியாதவர் யார்?

கண்ணைத் திறந்தபோது அவர் முதலில் என் சால்வையைப் பார்த்தார். அதன் ஓரத்திலிருந்து வெள்ளையாகச் சொட்டிக்கொண்டிருந்தது.

"லலித்பூர்ல இப்படித்தான் மாமா" என்றேன். வேறு எதுவும் வாயில் வரவில்லை.

"நான் பால்னுதான் சொன்னேன்" என்றார் மாமா. "தயிர்னு சொல்லல."

"பாலாத்தான் சார் கிளம்பினது" என்றான் பிகேஷ். "வழியில உறைஞ்சுடுச்சு."

கூட்டத்தில் ஒருவர், "பால்தானே தயிர்?" என்றார். "அதெப்படி? பால் வேற, தயிர் வேற" என்றார் இன்னொருவர். "முந்நூறு வருஷமா குழாய்க்குள்ள இருந்தா உறையாம என்ன பண்ணும்?" என்று பூ விற்கிறவள் கேட்டாள். அது எல்லோருக்கும் நியாயமாகப் பட்டது.

லுனிவா முன்னால் வந்தாள். மூக்கில் இன்னும் தயிர் இருந்தது. சிரிப்பா, அழுகையா என்று அவளுக்கே தெரியாத முகம்.

"அப்பா, தரேன் தரமாட்டேன்னு சொல்றீங்களே, உங்ககிட்ட தர்றதுக்கு என்ன இருக்கு? சின்ன வயசுலயே வில்வக்காய்க்கு என்னைத் தாரை வாத்துக் குடுத்தாச்சே! மஞ்சள் துணி கட்டி, பாட்டுப் பாடி, ஊருக்கே சோறு போட்டீங்களே! குடுத்த பொண்ணை எத்தனை தடவை குடுப்பீங்க?"

கூட்டம் ஓவென்று சிரித்தது. எங்களில் பெண் குழந்தைக்கு முதல் கல்யாணம் வில்வக்காயோடுதான்; அங்கே நின்ற பெண்கள் அத்தனை பேரும் அதைக் கட்டிக்கொண்டவர்கள்தான். ஒருத்தி கைதட்டக்கூட ஆரம்பித்துவிட்டாள்.

மாமா சிரிக்கவில்லை. தொப்பியைச் சரிசெய்துகொண்டார். பிகேஷ் காவடியைக் கீழே வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

"சொன்ன வார்த்தைன்னா வார்த்தை" என்றார் மாமா. "பால் வந்தா தரேன்னு சொன்னேன். பால் வரல. அதனால நான் தரல."

லுனிவா திரும்பி பிகேஷைப் பார்த்தாள்.

"தயிர் வந்திருக்கு" என்றார் அவர். தன் நெற்றியிலிருந்து ஒரு விரல் தயிரை எடுத்தார். "தயிர் குடுக்கறதுக்கு இல்லையே. தயிர் எதுக்கு வைப்போம்?"

எங்கள் வீடுகளில் யாராவது பயணம் கிளம்பினால் நெற்றிப்பொட்டில் தயிர் வைத்துத்தான் அனுப்புவோம். என் கணவர் ஒவ்வொரு முறை மலைக்குப் போகும்போதும் நான் வைப்பேன். நல்லபடியாகப் போ என்று அதற்கு அர்த்தம்.

"வழியனுப்பறதுக்கு" என்றாள் லுனிவா, மெல்ல.

"ஆங். அதுக்குத்தான்."

மாமா மகளின் தலையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, மறுகையால் அவள் நெற்றிப்பொட்டில் தயிரை அப்பினார். நேராக வைக்கவில்லை. பாதி புருவத்தில் வழிந்தது. அவர் முகம் அப்போதுதான் கலைந்தது. முதலில் தாடை, பிறகு கன்னம், அப்புறம் பல்லெல்லாம் தெரிய ஒரு சிரிப்பு. கண்ணில் தண்ணீர் வழிய வழிய அவர் சிரித்தார். லுனிவா அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டாள்.

"மெல்போர்ன்காரங்களுக்கு என்ன சொல்லப்போறீங்க மாமா?" என்றேன், மூக்கை உறிஞ்சிக்கொண்டே.

"ராஜா சம்மதிக்கலைன்னு சொல்லிடு." பிறகு பிகேஷ் பக்கம் திரும்பினார். "இலையுதிர் காலம், குளிர்காலம். அவ்வளவுதான் தெரிஞ்சிருக்கும்னு சொன்னேல்ல?"

"ஆமா சார்."

"தப்பு. நிறையத் தெரிஞ்சிருக்கும். பிடிச்சது அந்த ரெண்டுதான்." கொஞ்சம் யோசித்தார். "ஆனா சட்டியில பேரு எழுதினேங்கறது பரவாயில்லை. நல்ல கற்பனை. நாலு வரியா எழுத முடியுமா உன்னால?"

"முயற்சி பண்றேன் சார்."

"என்ன சார் மோரு? மாமான்னு சொல்லு."

தெருமுனையில் பெரும் சத்தம் எழுந்தது. குமாரியின் தேர் திரும்பிவிட்டது. கூட்டம் ஒரே மூச்சாக முன்னால் தள்ள, நான் சால்வையையும் பையையும் சுருட்டி இடுப்பில் செருகிக்கொண்டு லுனிவாவைப் பிடித்துக்கொண்டேன். பிகேஷ் காவடியைத் தூக்க முடியாமல் தடுமாறினான். மிச்சமிருந்த தயிர்ச் சட்டிகள் கைமாறிக் கைமாறி எங்கேயோ போய்க்கொண்டிருந்தன. காசு கொடுத்தவர்களும் உண்டு, கொடுக்காதவர்களும் உண்டு.

மாமா கையை நீட்டி அவன் மணிக்கட்டைப் பிடித்தார்.

"கையை விடாத. எங்க ஊருக் கூட்டம் உங்க ஊரு மாதிரி இல்ல, நசுக்கிடும்."

"எங்க ஊருத் தேர்க் கூட்டத்தைப் பாத்ததில்லையே மாமா நீங்க..."

"பேசாம வாடா" என்றார் மாமா, அவனை இழுத்துக்கொண்டு தேரை நோக்கி ஓடியபடியே.